தொடையில் குழி விழுவது நோயா?

(கூட்டமைப்பின் மாதாந்திரப் பிரதிநிதிகள் கூட்டத்தில் களப் பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். பிரதிநிதிகள் தங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



வழக்கமாக இந்த நேரத்தில் நாங்கள் கடன் நிலுவை, வங்கி இணைப்பு, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் சேலைக்குள்ளே இருக்கிற இடத்தைப் பற்றி. அதனால்தான் வங்கி சார் கிளம்பிப் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தோம். கதவைச் சாத்தச் சொன்ன உசிலம்பட்டி அக்காவுக்கு நன்றி.

ஏன் இந்தப் பேச்சு? மேலூர் பக்கம் போனாலும் சரி, வாடிப்பட்டி பக்கம் போனாலும் சரி, கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். "தொடையெல்லாம் குழி குழியா இருக்கு. இது என்ன சீக்கு?" சில பேர் தனக்காகக் கேட்கிறார்கள். நிறையப் பேர் மகளுக்காகக் கேட்கிறார்கள். காலேஜ் போகிற பிள்ளை செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று அழுகிறது என்கிறார்கள். இதோடு இன்னொரு விஷயமும் எங்கள் கண்ணில் பட்டது. ஒரு குழுவின் உள்கடன் விண்ணப்பத்தில் 'மருத்துவச் செலவு, 15,000 ரூபாய்' என்று இருந்தது. என்ன மருத்துவம் என்று விசாரித்தால், மகளைப் பெண் பார்க்க வருவதற்குள் தொடையையும் இடுப்பையும் குறைத்துத் தருகிறோம் என்று டவுனில் ஒரு அழகு நிலையத்தில் சொன்ன 'பேக்கேஜ்'. நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டும் 300 ரூபாய். அந்தக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. குழி அப்படியேதான் இருக்கிறது.

சரி, அந்தக் குழிக்கு என்ன பெயர்? டாக்டர்கள் 'செல்லுலைட்' என்கிறார்கள். தொடையின் பின்பக்கம், பிட்டம், சில பேருக்கு வயிறு, மேல்கை. அந்த இடங்களில் தோல் மேடும் பள்ளமுமாக, கமலா ஆரஞ்சுத் தோல் மாதிரி தெரியும். உட்காரும்போதும், தோலைச் சேர்த்துப் பிடித்துப் பார்க்கும்போதும் நன்றாகத் தெரியும். வலி இருக்காது, அரிப்பு இருக்காது, யாருக்கும் தொற்றாது.

எப்படி வருகிறது என்று சொல்ல, நம்ம வீட்டு இலவம்பஞ்சு மெத்தை ஒன்றே போதும். மெத்தைக்காரர் பஞ்சை அடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக நூலைக் கோர்த்து அங்கங்கே இழுத்து முடி போடுவார், இல்லைங்களா? நூல் இழுத்த இடம் பள்ளமாகும். நடுவில் பஞ்சு பிதுங்கி மேடாகும். நம் தோலுக்கு அடியிலும் அப்படித்தான். தோலுக்கும் சதைக்கும் நடுவில் கொழுப்பு இருக்கிறது. அதுதான் பஞ்சு. தோலைக் கீழே பிடித்து வைத்திருக்கிற நார்கள்தான் நூல். கொழுப்பு மேலே தள்ளுகிறது, நார் கீழே இழுக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

"அப்ப ஆம்பளைக்கு ஏன் வர்றதில்லை?" என்று சென்ற வாரம் ஒரு பாட்டி கேட்டார். நல்ல கேள்வி. 1978-ல் ஜெர்மனியில் நூர்ன்பெர்கர், முல்லர் என்கிற இரண்டு மருத்துவர்கள் ஆண் தோலையும் பெண் தோலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெண்களுக்கு அந்த நார் பெரும்பாலும் செங்குத்தாக இறங்குகிறது, ஆண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாக, மீன் வலை பின்னினது மாதிரி ஓடுகிறது என்று சொன்னார்கள். வலைக்குள் இருக்கிற கொழுப்பு அவ்வளவு சுலபமாகப் பிதுங்காது. ஆண்கள் தோலும் கொஞ்சம் தடிமன். ஆகவே பெண்ணாக வயசுக்கு வந்த யாருக்கும் இது வரலாம். வயசுக்கு வந்த பெண்களில் 100-க்கு 80 முதல் 90 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருக்கும் என்று தோல் மருத்துவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். இந்த அறையில் 60 பேர் உட்கார்ந்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் வரும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகம். வயது கூடக் கூடத் தோல் மெலிந்து, பிடிப்பு தளர்ந்து, இன்னும் நன்றாகத் தெரியும். எடை கூடினாலும் தெரியும். சட்டென்று எடை குறைந்து தோல் தொங்கினாலும் தெரியும். பெண் உடம்பில் ஊறுகிற ஈஸ்ட்ரோஜன் என்கிற சுரப்புக்கும் இதில் பங்கு உண்டு. 'உடம்பில் நஞ்சு தேங்கிவிட்டது, கழிவு தேங்கிவிட்டது, அதனால்தான் குழி' என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அது சுத்தப் பொய். கழிவை வெளியேற்ற நமக்குச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கின்றன. தொடையில் யாரும் குப்பைத் தொட்டி வைக்கவில்லை.

இது நோய் என்கிற எண்ணம் வந்த கதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1920-களில் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் எழுத்தில்தான் இந்தப் பெயர் அடிபட ஆரம்பித்தது. 1968-ல் அமெரிக்காவில் 'வோக்' என்கிற ஃபேஷன் பத்திரிகை இதைப் பெரிதாகப் போட்டது. 1973-ல் நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரோன்சார்ட் என்கிற அம்மா இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதற்குப் பிறகுதான் கிரீம் என்ன, மெஷின் என்ன, பெல்ட் என்ன, வரிசையாக வந்தன. அதுக்கு முன்னால் பெண்களுக்குக் குழி இல்லையா? இருந்தது. 400 வருஷத்துக்கு முன்னால் ரூபன்ஸ் என்கிற ஐரோப்பிய ஓவியர் வரைந்த பெண்களுக்கெல்லாம் சதை மடிப்பும் குழியும் இருக்கும். அன்றைக்கு அதுதான் அழகு. நம்ம ஊர்ப் புலவர்கள் தொடைக்கு வாழைத்தண்டை உவமை சொன்னார்கள். குச்சியைச் சொல்லவில்லை. ஒரு பொருளை விற்க வேண்டுமென்றால் முதலில் ஒரு குறையை விற்க வேண்டும் என்பது வியாபாரத்தில் ஒரு வழி. மசாலாப் பொடி, ஊறுகாய் போட்டு விற்கிற நம் உறுப்பினர்கள் யாரும் அந்த வழியில் போனதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். தொடையிலும் பிட்டத்திலும் இருக்கிற கொழுப்பு, பிள்ளை பெறவும் பால் கொடுக்கவும் உடம்பு சேர்த்து வைக்கிற சேமிப்பு. நம்ம சந்தாப் பணம் மாதிரி. அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது வயிற்றுக்குள் சேர்கிற கொழுப்புதான். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு எல்லாம் அதோடுதான் சேர்ந்து வருகின்றன. ஆனால் நம் ஆட்களுக்குத் தொடையைப் பார்த்துத்தான் பயம். வயிற்றைப் பார்த்தால் 'ரெண்டு பிள்ளை பெத்தவ, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். பயப்பட வேண்டியது நேர் எதிராக இருக்கிறது.

அடுத்து, வைத்தியம் உண்டா என்கிற கேள்வி. ஒளிக்காமல் சொல்கிறோம். முழுசாகப் போக்குகிற வைத்தியம் இன்றைய தேதி வரை எங்கும் இல்லை.

கிரீம்களில் சிலவற்றில் காபித்தூளில் இருக்கிற காஃபீன் கலந்திருக்கும். தடவினால் தோல் கொஞ்சம் இறுகினது மாதிரி தெரியும். தடவுவதை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும் அப்படித்தான். உடம்பு அலுப்புக்கு நல்லது, சுகமாக இருக்கும், குழி போகாது. நல்லெண்ணெய் போதும், 900 ரூபாய் எண்ணெய் வேண்டாம். அதிர்கிற பெல்ட், ஆவிப் பெட்டி எல்லாம் போட்டு இறங்கியதும் எடை அரைக் கிலோ குறைந்ததாகக் காட்டும். அது வியர்வை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

தோல் டாக்டர்கள் செய்கிற முறைகள் சில உண்டு. மெல்லிய ஊசியை உள்ளே விட்டு, கீழே இழுக்கிற அந்த நாரை அறுத்துவிடுவது ஒன்று. மெத்தையில் நூலை வெட்டிவிடுவது மாதிரி. சில பேருக்கு இரண்டு மூன்று வருஷம் பலன் தெரிகிறது. படித்த தோல் டாக்டர் கையால் மட்டும்தான் செய்துகொள்ள வேண்டும். காசும் நிறைய ஆகும். ஊசி மருந்து ஒன்றும் வந்தது. நாரைக் கரைக்கிற அந்த மருந்துக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2020-ல் அனுமதி கொடுத்தது. பெண்களுக்கு ஊசி போட்ட இடம் கன்றிப்போய், நிறம் மாறி, பல நாள் மாறாமல் இருந்ததால், 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனியே உற்பத்தியை நிறுத்திவிட்டது. அவ்வளவு பெரிய நாட்டில், அவ்வளவு செலவு செய்து, அனுமதியும் வாங்கிய மருந்தின் கதியே இது. டவுன் பஸ்ஸில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்காரர் 15 நாளில் போக்கிவிடுவேன் என்கிறார்.

கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன் இதற்கானதே இல்லை. அதைச் செய்தால் சில பேருக்கு மேடு பள்ளம் இன்னும் மோசமாகத் தெரியும். உயிருக்கும் ஆபத்து வரலாம். 2022 மே மாதம் பெங்களூரில் சேத்தனா ராஜ் என்கிற கன்னட நடிகை கொழுப்பு நீக்குகிற சிகிச்சைக்குப் போய் இறந்துபோனார். வயது 21. அந்தப் பிள்ளை குண்டு என்று சொல்லவே முடியாது.

தடவுகிற வரைக்கும் போனால் காசோடு போகும். வாய் வழியாக உள்ளே போவதுதான் எங்களுக்குப் பயம். இந்தப் பேச்சைத் தள்ளிப் போடக் கூடாது என்று முடிவு செய்ததற்குக் காரணமும் அதுதான்.

2026 ஜனவரி மாதம், பொங்கல் முடிந்த கையோடு, நம் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் இறந்துபோனார். பேப்பரில் படித்திருப்பீர்கள். உடம்பு குறையும் என்று யூடியூபில் ஒரு வீடியோ. அதில் சொன்ன வெங்காரத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். வாந்தி, வயிற்றுப்போக்கு என்று துவண்டு, காப்பாற்ற முடியாமல் போய்விட்டது. அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே சொல்ல வேண்டாம். அவரும் ஒரு வீட்டின் மகள். நம்ம பிள்ளைகள் கையில் இருக்கிற அதே மாதிரி செல்போன்தான் அவர் கையிலும் இருந்தது.

வெங்காரம் என்றால் என்ன? ஆசாரி நகைக்குப் பற்றவைக்கும்போது தூவுகிற வெள்ளைப் பொடி. கொஞ்சம் உள்ளே போனால் குமட்டல், வாந்தி, பேதி. அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெடும், உயிர் போகும். சித்த மருத்துவத்தில் வெங்காரம் இருக்கிறதே என்று ஒரு அக்கா கேட்டார். இருக்கிறது. சுத்தி செய்து, மிகச் சிறிய அளவில், வைத்தியர் ஆள் பார்த்துக் கொடுப்பார். கடையில் பொட்டலமாக வாங்குவது மருந்து இல்லை, சரக்கு. நாட்டு மருந்து என்ற பெயரில் இருப்பதெல்லாம் தீங்கு செய்யாது என்று நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். எருக்கம்பாலும் செடியிலிருந்து வருவதுதானே. தப்பித் தவறி வீட்டில் யாராவது இப்படி எதையாவது சாப்பிட்டுவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். சாப்பிட்ட பொட்டலத்தைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு என்ன விஷம் என்று தெரிந்தால்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

'ஸ்லிம் டீ' என்று ஒன்று வருகிறது. பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் நிலவாகை இலை இருக்கும். அது பேதி மருந்து. நாலு தடவை போனால் எடை குறையத்தான் செய்யும். போவது தண்ணீரும் உப்புச் சத்தும்தான், கொழுப்பு இல்லை. தினமும் குடித்தால் குடல் சொன்ன பேச்சைக் கேட்காது, இருதயத் துடிப்பும் தடுமாறும். வேறொருவர் வீட்டுத் தைராய்டு மாத்திரையை எடை குறைக்கப் போடுவதும் நடக்கிறது. தயவு செய்து அந்த வேலை வேண்டாம்.

விளம்பரத்துக்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாய வைத்திய ஆட்சேபகர விளம்பரச் சட்டம். சில நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். உடல் பருமன் அந்தப் பட்டியலில் உண்டு. 70 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, விளம்பரம் நின்றபாடில்லை. ஆனாலும் ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். ரசீது கேட்காமல் காசு கொடுக்காதீர்கள் என்று நாங்கள் உரத்துக்கு, விதைக்குச் சொல்வது இதற்கும் பொருந்தும்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். சில குழுக்களில் உறுப்பினர்களே எடை குறைக்கிற பவுடர் டப்பா விற்கிறார்கள். கீழே ஆள் சேர்த்தால் கமிஷன் என்று யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். ஒரு டப்பா விலையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்குப் பருப்பு வாங்கலாம். ஒருத்தர் பிழைப்பைக் கெடுப்பது எங்கள் நோக்கம் இல்லை. ஆனால் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அக்கா, மதினி, கொழுந்தியாளிடம் 'வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வது யாருக்கும் கஷ்டம். அந்தக் கூச்சத்தைத்தான் கம்பெனிக்காரன் காசாக்குகிறான். குழுக் கூட்ட நேரத்தில் இந்த வியாபாரம் வேண்டாம் என்று தீர்மானம் போடலாமா என்று யோசியுங்கள். இது எங்கள் கருத்து. முடிவு உங்கள் கையில்.

இனி, பேச்சில் முக்கியமான பாகத்துக்கு வருகிறோம். செல்லுலைட் என்று ஒரு பெயர் சொன்னோம். 'செல்லுலைட்டிஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில் கடைசி எழுத்துதான் வித்தியாசம். விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது நோயே இல்லை. இரண்டாவது, கிருமி தோலுக்கு அடியில் இறங்கி வருகிற சீக்கு. பார்க்காமல் விட்டால் இரத்தத்தில் கலந்து உயிரையே எடுக்கும்.

நாற்று நடுகிற, களை எடுக்கிற நமக்குத்தான் இது அதிகம் வரக்கூடியது. பெரியாறு பாசனத் தண்ணீர் வந்து நடவு ஆரம்பித்துவிட்டால் காலையிலிருந்து சேற்றில் நிற்கிறோம். விரல் இடுக்கில் சேற்றுப்புண். குதிகாலில் பித்தவெடிப்பு. முள் குத்தினது, கண்ணாடி கீறினது. இந்த வாசல் வழியாகத்தான் கிருமி உள்ளே போகிறது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். காலில் உணர்ச்சி குறைந்திருப்பதால் புண் இருப்பதே தெரியாது. யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி திரும்பத் திரும்ப வரும்.

அடையாளம் சொல்கிறோம், கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும். அந்த இடம் வீங்கும், தொட்டால் சுடும், வலிக்கும், தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று இருக்கும். சிவப்பாக இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம்ம நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் சூட்டையும் வலியையும் பாருங்கள். தொடை இடுக்கில் நெறி கட்டும். குளிர் காய்ச்சல் வரும். இதைப் பார்த்து 'அக்கி' என்று நினைத்துக் காவி எழுதிக்கொண்டு மூன்று நாள் காத்திருக்கிறவர்கள் உண்டு. காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஆரம்பத்திலேயே போனால் பல பேருக்குக் கிருமியைக் கொல்கிற மாத்திரையிலேயே சரியாகிவிடும். டாக்டர் எழுதின நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், வலி போனதும் நிறுத்தக் கூடாது. வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, ஆள் பிதற்றினாலோ, பெரிய ஆஸ்பத்திரிதான். யோசிக்கவே வேண்டாம்.

வராமல் தடுக்கச் செலவு ஒரு சோப்பு. வயலிலிருந்து வந்ததும் முழங்கால் வரை சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கை ஈரம் போகத் துணியால் ஒற்றித் துடைத்து, வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. அழகு நிலையத்துக்குக் கொடுத்த 15,000 ரூபாய்க்கு வாழ்நாள் முழுக்கச் சோப்பு வாங்கியிருக்கலாம்.

வேறு சில கால்களும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கால்கள்தான். இரண்டு காலும் வீங்கி, கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கிறதா? அது கொழுப்பு இல்லை, நீர். இரத்தசோகை, சிறுநீரகம், இருதயம் என்று காரணம் பல இருக்கலாம். கர்ப்பிணிக்குக் கால் வீக்கத்தோடு தலைவலி, கண் மங்கல் இருந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. பிரசவம் ஆன பெண்ணுக்கோ, ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவருக்கோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், ஆபத்து. உடனே டாக்டரிடம் போங்கள்.

தொடையில் தெரிகிற வரிகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிரசவக் கோடு மாதிரி வரிகள் வயசுப் பிள்ளைகளுக்கும் வரும், வளர்ச்சியின்போது தோல் இழுபடுவதால். போகப் போக மங்கும். ஆனால் நாமே வரவழைத்துக்கொள்கிற வரியும் உண்டு. தொடை இடுக்கில் படர்தாமரை வந்தால் மெடிக்கலில் போய் 'அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்' என்று கேட்கிறோம். கொடுப்பது பல நேரம் ஸ்டீராய்டு கலந்தது. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், படை உள்ளுக்குள் பரவும், தோல் காகிதமாக மெலிந்து வரி வரியாகக் கிழியும். அந்த வரி மறையவே மறையாது. இப்படிப்பட்ட பல ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது இன்னும் நடக்கிறது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் தோல் நோய்க்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு நாள் கூலி போனாலும் ஒரு தடவை போய்க் காட்டுவது லாபம்.

மகளுக்குக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு வெல்வெட் துணி மாதிரி கருத்துத் தடித்திருக்கிறதா? அழுக்கு என்று எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்க்காதீர்கள். சர்க்கரை வரப் போகிறது என்று உடம்பு முன்கூட்டிச் சொல்கிற சேதியாக அது இருக்கலாம். அதோடு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போவது, முகத்தில் முடி, சட்டென்று எடை கூடுவது எல்லாம் இருந்தால், டாக்டரிடம் சர்க்கரை, தைராய்டு, கருமுட்டைப் பை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்படிச் செலவுக்கு உள்கடன் கேட்டால் குழு தயங்காமல் கொடுக்கலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. சொல்லிச் சொல்லி உங்களுக்கும் அலுத்துவிட்டது. ஒரே ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 8 ஸ்பூன், ஏறக்குறைய 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். ஒரு ஆளுக்கு. இதில் பாதியைக் குறைத்தாலே காசும் மிச்சம், இடுப்பும் மிச்சம். 2019-21-ல் மத்திய அரசு எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்குச் சுமார் 40 பேர் அதிக எடை, பாதிக்கு மேல் இரத்தசோகை என்று வந்தது. எடையும் கூட, இரத்தமும் குறைச்சல். அரிசி மட்டும் நிறைந்து, பருப்பும் கீரையும் முட்டையும் குறைந்த தட்டுதான் இரண்டுக்கும் காரணம். ஆகவே எடை குறைக்கப் பட்டினி கிடப்பது நம்மைப் பொறுத்தவரை இரட்டை நஷ்டம்.

நடந்தால், குந்தி எழுந்தால், தொடைச் சதை இறுகி, மேலே இருக்கிற தோல் கொஞ்சம் சமமாகத் தெரியலாம். அதுவும் கொஞ்சம்தான். பூ எடுக்கிறோமே, அது போதாதா என்று அலங்காநல்லூர் பக்கத்து அக்காமார் கேட்டார்கள். மல்லிகை எடுக்க விடிகாலையிலிருந்து குனிந்து நிற்பது இடுப்பை ஒடிக்கிற வேலை, மூச்சு வாங்க வைக்கிற வேலை இல்லை. சாயங்காலம் அரை மணி நேரம் கையை வீசி நடந்தால் இடுப்புக்கும் ஆறுதல்.

கடைசியாக வந்த ஒரு கேள்வி. "வரப் போற மாப்பிள்ளை பார்த்துட்டு ஏதாவது சொன்னா என்ன செய்யுறது?" கேட்டவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் கண் சிரிக்கவில்லை. நாங்கள் சொன்ன பதில் இதுதான்: அவர் அம்மாவுக்கும் இருக்கும், அக்கா தங்கச்சிக்கும் இருக்கும் என்று மகளிடம் சொல்லி வையுங்கள். போன் படத்தில் தெரிகிற மழமழத் தொடை பல நேரம் கம்ப்யூட்டரில் தேய்த்தது என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை அதற்குப் பிறகும் சாப்பிடாமல், வெளியே வராமல் இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 104-க்குப் போன் செய்தாலும் பேசுவார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு டெய்லர் டேப் கொண்டு வாருங்கள். தொடையை அளக்க வேண்டாம். தொப்புள் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலத்துக்கு மேல் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். தனித் தாளில் எழுதி அவரவரே வைத்துக்கொள்ளுங்கள். ஊக்குநர்களும் சேர்ந்து அளக்க வேண்டும். நாங்கள் வரும்போது எங்களையும் அளக்கலாம்.